தவுக்கே அணைத்த சூடம்

சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தவன் பேச்சு மாறமாட்டான், மாறினால் அவன் குடும்பம் விளங்காது. இதைச் சின்ன வயதிலிருந்தே நம்பி வந்தவன் நான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கிள்ளானில் பழைய மோட்டார் விற்ற ஒரு சீனத் தவுக்கேயைப் பிடித்து, அவர் கையால் சூடத்தை அணைக்க வைத்துவிட்டு, இனிமேல் இந்த வண்டியின் கியர்பெட்டிக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பினேன் பாருங்கள், அதற்கு வெட்கப்பட்டே ஆக வேண்டும். அதிலும் அந்த மனிதர் காகிதமும் பேனாவும் எடுத்து வைத்துக்கொண்டு, "எழுதித் தரட்டுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தபோது.

தவுக்கே என்றால் எங்கள் பக்கத்தில் சீன முதலாளி. கிள்ளான் ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு, அதன் கீழே பழைய காடிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார். மோட்டார் காரை நாங்கள் காடி என்போம். சில காடிகளுக்குச் சக்கரம் இருக்கும். சிலதுக்குச் சக்கரம் மட்டும்தான் இருக்கும்.

ரப்பர் விலை விழுந்து நாடே படுத்துக்கொண்ட சமயம் அது. நான் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த ஆபீசில் ஆள் குறைத்தார்கள். என்னைக் குறைத்ததில் ஆபீசுக்கு எவ்வளவு மிச்சமாயிற்றோ தெரியாது, என் வீட்டில் எல்லாமே குறைந்தது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாடகை வீடு, மனைவி, மூன்று பெண்கள். கடைசியாக ஆபீசில் கையில் கொடுத்து அனுப்பிய பணத்தை வைத்து இரண்டில் ஒன்று செய்யலாம். ஐந்து பேருக்கும் டிக்கெட் எடுத்துக் கப்பலேறி, என் மனைவி கண்ணாலும் பார்த்திராத ஊரில் போய் இறங்கலாம். இல்லையென்றால் ஒரு பழைய காடி வாங்கிக் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் வாடகைக்கு ஓட்டலாம். இரண்டுக்கும் பணம் போதாது. காடி வாங்கி அது ஓடாமல் போனால் கப்பலும் போச்சு, காடியும் போச்சு.

என் மனைவி இங்கே பிறந்தவள். "கடலைத் தாண்டி என்னால வர முடியாதுங்க. காடியை வாங்குங்க, நல்ல காடியா வாங்குங்க" என்றாள். நல்ல காடியா கெட்ட காடியா என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். திறந்து அடித்து மூடினால் கதவு நல்ல சத்தம் கொடுக்க வேண்டும். அந்தப் பச்சைக் காடியின் கதவு கோயில் கதவு மாதிரி சத்தம் கொடுத்தது.

"கியர்பெட்டி மூணு மாசம் என் பொறுப்பு" என்றார் தவுக்கே. பாசார் மலாய் என்கிற சந்தை மலாயில்தான் பேசிக்கொண்டோம். அவர் மலாயும் என் மலாயும் ஒன்றுக்கொன்று சளைத்ததல்ல. "கெட்டுப்போனா இங்கே கொண்டு வா. வேறே ஆள் திறந்தா நான் பொறுப்பில்லை. எழுதித் தரட்டுமா?"

கிராணி வேலையில் வயிறு வளர்த்தவனுக்குக் காகிதத்தைப் பற்றித் தெரிந்தது வேறு யாருக்குத் தெரியும்? ஒரு காகிதம் எப்படிக் காணாமல் போகும் என்பது எனக்கு அத்துப்படி. பல காகிதங்களைக் காணாமல் போக்கியவனே நான்தான். ஆகவே பெரிய ஆள் மாதிரி, "காகிதம் வேண்டாம் தவுக்கே" என்று சொல்லிவிட்டுச் சட்டைப்பையிலிருந்து சூடத்தை எடுத்தேன். காடிக்குப் பூசை போடுவதற்காக வாங்கி வைத்தது. ஒரு தகர மூடியில் வைத்துக் கொளுத்தி, "சொன்னதைச் சொல்லி அணைங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நெருப்பைப் பார்த்தார். கடைக்குள் இருந்த அவருடைய மெக்கானிக்கைப் பார்த்தார். பிறகு "மூணு மாசம்" என்று சொல்லி, உள்ளங்கையால் ஒரே அழுத்து அழுத்தி அணைத்துவிட்டு, கையை உதறிக்கொண்டு அவர் பாஷையில் ஏதோ சொன்னார். சத்தியத்தின் பிற்பகுதி அது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு மாதம் ராஜாவாக இருந்தேன். அந்தக் காலத்து வண்டியில் கியர் மாற்றுவது என்பது சண்டைக்காரரோடு சமாதானம் பேசுகிற மாதிரி. கிளட்சை அழுத்த வேண்டும், விட வேண்டும், நடுவில் கொஞ்சம் கெஞ்ச வேண்டும், மறுபடி அழுத்த வேண்டும். நேரம் தப்பினால் பல்லை நறநறவென்று கடிக்கும். எனக்குப் பாதி நேரம் தப்பும். முன்னால் போகிற மாட்டு வண்டிக்காரர்கள் ஹாரன் அடிக்காமலே ஒதுங்குவார்கள்.

அப்புறம் இரண்டாவது கியரில் ஒரு முனகல் வந்தது. முதலில் அதைக் காடியின் குரல் என்றே நினைத்தேன். நாளாக ஆக முனகல் அழுகையாயிற்று. சவாரிக்கு வந்தவர்கள் காது கேட்கட்டும் என்று உரக்கப் பேச, அழுகை கேட்காமல் இருக்கட்டும் என்று நான் அதைவிட உரக்கப் பாடினேன். வீட்டில் மனைவி ஆட்டுக்கல்லில் மாவாட்டினால் திடுக்கிட்டு எழுந்து உட்காருவேன். "என்னங்க?" என்பாள். "ஒண்ணுமில்லை, ரெண்டாவது கியர்" என்பேன். ஆனாலும் சூடம் இருக்கிறதே என்று ஒரு தைரியம்.

தைரியம் சுங்கை வே என்ற ஊர் வரைக்கும்தான் வந்தது. கிள்ளானிலிருந்து ஒரு நிச்சயதார்த்தக் கூட்டத்தைத் தாம்பாளம், பூ, பழம் எல்லாவற்றோடும் ஏற்றிக்கொண்டு வந்தேன். சுங்கை வே தாண்டி ஒரு சின்ன ஏற்றம். மேடு என்று சொன்னால் மேடு கோபித்துக்கொள்ளும், அவ்வளவு சின்னது. இரண்டாவது கியரைப் போட்டேன். உள்ளே யாரோ கொட்டைப்பாக்கை இரும்பு உரலில் போட்டு இடித்த மாதிரி ஒரு சத்தம். எஞ்சின் ஓடுகிறது, காடி நிற்கிறது. நிற்பதோடு விடவில்லை, மெதுவாகப் பின்னால் போகிறது.

"என்ன தம்பி, எதையாவது மறந்து வெச்சிட்டு வந்தீங்களா?" என்றார் மாப்பிள்ளையின் அத்தை. "திரும்பக் கிள்ளானுக்கே போகுதே."

நான் பிரேக்கின் மேல் ஏறி நின்றுகொண்டு, "கொஞ்சம் இறங்குங்கம்மா, கனம் தாங்கலை" என்றேன்.

"யாரு கனம்? நானா?"

அதற்குப் பதில் சொல்லாததுதான் அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். அவர்கள் தாம்பாளங்களோடு அந்தப் பக்கம் வந்த ஒரு லோரியில் ஏறிப் போய்விட்டார்கள். நான் ரோட்டில் நின்றேன். காதுக்குள் கப்பல் ஊதியது. மனைவி முகம், மூன்று பெண்களின் முகம், எல்லோரும் ஒரு தகரப் பெட்டியின் மேல் வரிசையாக உட்கார்ந்து என்னையே பார்க்கிற மாதிரி தெரிந்தது.

வாடகைக்கு ஒரு மாட்டு வண்டி கிடைத்தது. வண்டிக்காரர் கயிற்றைக் காடியின் முன்பக்கத்தில் கட்டிக்கொண்டே, "இதை முதல்லயே கட்டியிருந்தா பெட்ரோல் மிச்சம் அண்ணே" என்றார். "எங்கே இழுக்கணும்?"

யோசிக்காமல் பிரிக்பீல்ட்ஸ் என்றேன். தவுக்கே இருப்பது கிள்ளானில். சத்தியம் இருப்பதும் கிள்ளானில். ஆனால் பயந்தவன் வீட்டுக்குத்தான் ஓடுவான், நான் ஓடினேன். மாடு நடந்தது.

அடுத்த வீட்டில் ரயில்வே பட்டறையில் வேலை செய்யும் ஒரு பிட்டர் அண்ணன் இருந்தார். எந்த இயந்திரத்தையும் வெளியே நின்று காதாலேயே சோதித்துவிடுவார். எங்கள் காடியையும் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, "பின் அச்சு போச்சு" என்றார். பின் அச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது பிறகு தெரிந்தது. அப்போது நான் அச்சுக்கும் சேர்த்துப் பயந்தேன்.

"திறந்து பார்த்திடலாம் கிராணியாரே. ஒரு ஸ்பானர் போதும்."

"ஐயோ வேண்டாம் அண்ணே! வேறே ஆள் திறந்தா பொறுப்பில்லைன்னு தவுக்கே சொல்லியிருக்காரு."

"எழுதிக் கொடுத்திருக்காரா?"

"சூடம் அணைச்சுக் கொடுத்திருக்காரு."

அவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆபீசுல உங்களை ஏன் குறைச்சாங்கன்னு இத்தனை நாளா யோசிச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். "சூடம் நம்ம சாமிக்கு. அவருக்கு அது என்ன தெரியும்? அடுப்பு பத்த வைக்கிறதா நினைச்சிருப்பாரு. அவங்க சத்தியமே வேறே. சேவல் தலையை வெட்டுவாங்க. அப்படிச் சத்தியம் பண்ணினா மீறவே மாட்டாங்களாம்."

அன்று முழுக்கப் பிரிக்பீல்ட்ஸில் இதே வழக்குத்தான். சீனர் அணைத்த சூடம் செல்லுமா செல்லாதா? செல்லும் என்றவர்கள் சாமிக்கு எல்லோரும் ஒன்று என்றார்கள். செல்லாது என்றவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார்கள். எனக்கு இவர்களைத்தான் நம்பத் தோன்றியது. தண்ணீர்க் குழாயடியிலிருந்து மனைவி இன்னும் மோசமான தீர்ப்போடு வந்தாள்.

"என்னங்க, அணைச்சவங்களுக்கு நம்பிக்கை இல்லைன்னா, அந்தப் பாவம் அணைக்க வெச்சவங்க தலையிலதான் விழுமாம்."

"யார் சொன்னது?"

"எல்லாரும்தான்."

இதுவரை பணம் போய்விடுமோ என்றுதான் பயம். இப்போது தலையும் சேர்ந்துகொண்டது. ஒரு நாள் தலைவலி வந்தது. ஆரம்பித்துவிட்டது என்று முடிவு கட்டி, மூத்த பெண்ணைக் கூப்பிட்டு வீட்டு விஷயங்களை எல்லாம் அம்மாவுக்கு ஒத்தாசையாகப் பார்த்துக்கொள் என்று சொன்னேன். "அப்பா, நீங்க காலையிலிருந்து காப்பி குடிக்கலை" என்றாள். குடித்தேன், போய்விட்டது.

உடனே கிள்ளானுக்குப் போய்க் கேட்க வேண்டியதுதானே என்பீர்கள். போகவில்லை. கேட்காதவரைக்கும் அவர் இல்லை என்று சொல்லவில்லை அல்லவா? தினமும் காலையில் காடியின் புட்போர்டில் உட்கார்ந்து, பிட்டர் அண்ணன் ஸ்பானரோடு வராமல் காவல் காத்தேன். அவர் வேலைக்குப் போகும்போதெல்லாம், "ஒரே ஒரு ஆணியை மட்டும் கழட்டட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போவார். இதற்குள் மனைவி கட்டிலுக்கடியிலிருந்த தகரப் பெட்டியை இழுத்துத் துடைத்து வெயிலில் வைத்தாள். பெட்டி திறந்தபடி முற்றத்தில் கிடந்தது. அதைத் தாண்டித்தான் நான் காடிக்குப் போக வேண்டும்.

மூன்றாவது மாதம் முடிய இரண்டே நாள் இருந்தபோது அவளே பேசினாள். "சேவலைக் கொண்டு போங்க."

"எதுக்கு?"

"அவங்க முறையில இன்னொரு தடவை சத்தியம் வாங்குங்க. கியர்பெட்டியைச் சரி பண்ணித் தரேன்னு."

சிவப்புச் சேவல். அவள் வளர்த்தது. கால்களைக் கட்டி, கூடையில் வைத்து, தலை மட்டும் வெளியே தெரியும்படி மேலே துணி போட்டுக் கொடுத்தாள். "சத்தியம் முடிஞ்சதும் திரும்பக் கொண்டாந்திருங்க."

"தலையை வெட்டினப்புறமா?"

"குழம்புக்குத் தலை எதுக்கு?"

கிள்ளான் ரயிலில் உட்கார்ந்து மலாயில் ஒத்திகை பார்த்தேன். முதலில் பணிவாக. பிறகு கொஞ்சம் கோபமாக. கோபத்துக்கு எனக்கு மலாயில் வார்த்தை போதவில்லை, பணிவுக்கே திரும்பினேன். நான் வாய்க்குள் முணுமுணுக்க, கூடைக்குள் சேவல் கூவ, எதிரே இருந்த அம்மாள் தன் பிள்ளையை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். எனக்கு இன்னொரு பயமும் இருந்தது, அதை வீட்டில் சொல்லவில்லை. கியரை நானே உடைத்திருந்தால்? அந்தக் காடி என் கையில் பல்லைக் கடித்த கடிக்கு எந்தப் பல்தான் நிற்கும்? தவுக்கே திறந்து பார்த்துவிட்டு, இது ஓட்டினவன் குற்றம் என்று சொன்னால், சூடமும் சேவலும் சேர்ந்து வந்தாலும் என்னைக் காப்பாற்ற முடியாது.

கடைக் கதவு சாத்தியிருந்தது.

அவ்வளவுதான், ஓடிவிட்டார் என்று உட்கார்ந்துவிட்டேன். கடை வாசலிலேயே, கூடையை மடியில் வைத்துக்கொண்டு. என்னைப் போல எத்தனை பேர் கியர்பெட்டியோ, எத்தனை சூடமோ, எல்லாப் பணத்தையும் அள்ளிக்கொண்டு சீனாவுக்கே கப்பலேறிவிட்டார். எல்லோருக்கும் ஒரு கப்பல் இருக்கிறது, எனக்கு மட்டும் டிக்கெட்டுக்குக் காசில்லை என்று எண்ணிக் கண் கலங்கும்போது பின்னால் கதவு திறந்தது. கடைக்குப் பின்னாலிருந்த வீட்டில் பகல் தூக்கம் முடிந்து முகம் கழுவிய தவுக்கே, தோளில் துண்டோடு நின்றார். முதலில் என்னைப் பார்க்கவில்லை. சேவலைப் பார்த்தார்.

முகம் மலர்ந்துபோயிற்று. "யார் சொன்னா உனக்கு?" என்று கேட்டுக்கொண்டே கூடையை வாங்கினார். "மருமகளுக்குக் குழந்தை பிறந்திருக்கு. ஆண் பிள்ளை. இஞ்சி போட்டுக் கோழி கொடுக்கணும். நல்ல கோழி, ரொம்ப நல்ல கோழி!" உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். ஒரு பெண் வந்து கூடையோடு சேவலை எடுத்துப்போனாள். அது என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன். பிள்ளை பெற்ற வீட்டில் நின்றுகொண்டு, அதைக் கொடுங்கள், தலையை வெட்டிச் சத்தியம் செய்ய வேண்டும் என்று எந்த மலாயில் சொல்வது?

"கியர்பெட்டி போச்சு தவுக்கே" என்றேன். ஒத்திகை பார்த்ததில் மிஞ்சியது அவ்வளவுதான்.

"காடி எங்கே?"

"பிரிக்பீல்ட்ஸ்ல. சுங்கை வேயிலிருந்து மாடு இழுத்தது."

"யாராவது திறந்தாங்களா?"

"இல்லை, இல்லை! நான் காவல் இருந்தேன்."

"நாளைக்கு லோரி வரும்" என்று சொல்லிவிட்டு எனக்கு ஒரு கோப்பை தேநீர் கொடுத்தார். எந்தச் சூடும் சுவையும் தெரியாமல் குடித்தேன்.

சொன்னபடி மறுநாள் லோரி வந்தது. அவருடைய மெக்கானிக் காடியைக் கட்டி இழுத்துக்கொண்டு கிளம்பினார். முன்பக்கத்தில் அவரோடு நானும் ஏறிக்கொண்டேன். வாசலில் நின்ற மனைவி, "காடியையும் கொடுத்தாச்சா?" என்றாள். அப்போதுதான் எனக்கே உறைத்தது. இப்போது என்னிடம் காகிதமும் இல்லை, காடியும் இல்லை, சேவலும் இல்லை. தெரு முனையில் பிட்டர் அண்ணன் தொப்பியைக் கழற்றி நின்றார். சவ ஊர்வலத்துக்குக் கழற்றுகிற மாதிரி.

கிள்ளானில் கொட்டகைக்குக் கீழே கியர்பெட்டியைத் திறந்தார்கள். கறுப்பு எண்ணெய் ஒழுகியது. மெக்கானிக் உள்ளே கையை விட்டுத் துழாவினார், தவுக்கேயிடம் ஏதோ சொன்னார். சீன பாஷை எனக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கு அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிந்தது: ஓட்டத் தெரியாத முட்டாள், ஓட்டத் தெரியாத முட்டாள். ஒரு துண்டு இரும்பை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். கியர்ச் சக்கரத்தின் உடைந்த பல். தவுக்கே அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் காலுக்கடியில் தரை இரண்டாவது கியரில் நடுங்கியது.

"இங்கே பாரு" என்று காட்டினார். உடைந்த இடத்தில் ஒரு பாதி கறுப்பாக எண்ணெய் ஊறிக் கிடந்தது. மறுபாதி வெள்ளிபோலப் பளபளத்தது. "பாதி பழசு. முன்னாடியே விரிசல். பாதி புதுசு."

புதுசு என்னுடையது. ஒத்துக்கொள்வதா வேண்டாமா என்று வாயைத் திறந்தேன். அவர் அதற்குள் பல்லை ஒரு தகர டின்னில் எறிந்துவிட்டார். டின்னில் ஏற்கெனவே நிறையப் பற்கள் கிடந்தன. மெக்கானிக் எழுந்துபோய், மூலையில் சக்கரமில்லாமல் கிடந்த அதே ஜாதிக் காடியிலிருந்து கியர்பெட்டியைக் கழற்ற ஆரம்பித்தார்.

பயம் இறங்கினதும் எனக்கு வாய் வந்துவிட்டது. "தவுக்கே, சூடத்துக்குக் கட்டுப்பட்டீங்களே, பெரிய மனசு" என்றேன்.

"எந்தச் சூடம்?"

"அன்னைக்கு நெருப்பை அணைச்சீங்களே. சத்தியம்."

"ஓ, அதுவா. உங்க ஆளுங்க காடி வாங்கினா நெருப்பு காட்டுவாங்க, எலுமிச்சம்பழம் நசுக்குவாங்க. நீ என்னை அணைக்கச் சொன்னே, அணைச்சேன்." உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "சுட்டுப்போச்சு. ஒரு வாரம் சாப்பிடக் கஷ்டம்."

"அப்ப, மாட்டு வண்டிக் கூலி..." என்று மெல்ல இழுத்தேன்.

"கியர்பெட்டி என்னோடது. மாடு உன்னோடது" என்றார். "ஆள் அனுப்பியிருந்தா சுங்கை வேக்கே லோரி வந்திருக்கும்."

சாயங்காலம் காடியை நானே ஓட்டிக்கொண்டு வீடு திரும்பினேன். மனைவி முற்றத்துப் பெட்டியை உள்ளே இழுத்துவிட்டு, "சேவல் எங்கே?" என்று கேட்டாள்.

நடந்தது இவ்வளவுதான். மூன்று மாதம் பொறுப்பு என்று அவர் வாயால் சொன்னார். மூன்று மாதத்துக்குள் காடியோடு வந்தவர்களுக்கெல்லாம், சூடம் கொண்டுவந்தவர் கொண்டுவராதவர் என்று பார்க்காமல், கியர்பெட்டியைச் சரிசெய்து கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். மாட்டுக் கூலி கொடுக்கவில்லை.